ஓடாத தொடருக்கு எதற்கு டிவிடி? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

அமெரிக்கத் தொடர்களின் டிவிடி பெட்டிகளைச் சேர்ப்பது எனக்கு இருபது வருடப் பைத்தியம். நடுவில் சென்னையில் டிஸ்க் தயாரிக்கும் இடம் ஒன்றில் மெனு, சப்டைட்டில் வேலையும் பார்த்தேன், அதனால் பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதும் ஓரளவு தெரியும். பாதியில் நிறுத்தப்பட்ட தொடர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ரம்யா: ஃபயர்ஃப்ளை தொடரை ஃபாக்ஸ் சேனல் 2002இல் பாதியில் தூக்கியது. அடுத்த வருடமே அதே ஃபாக்ஸ் அதை டிவிடி போட்டு விற்றது. விற்கும் என்று தெரிந்தால் ஏன் நிறுத்தினார்கள், விற்காது என்றால் ஏன் போட்டார்கள்?

பேர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. ஃபாக்ஸ் என்று ஒரே ஆளைப் போலச் சொல்கிறோம், உள்ளே பார்த்தால் மூன்று கடை. ஒளிபரப்பியது சேனல். எடுத்ததும் உரிமை வைத்திருந்ததும் ஸ்டுடியோ. டிவிடி போட்டது வீடியோ பிரிவு. ஒருவர் லாபம் இன்னொருவருக்குப் பொருட்டே இல்லை.

சேனல் விற்பது தொடரை இல்லை, விளம்பர நேரத்தை. ஃபயர்ஃப்ளையை வாரம் சராசரியாக 47 லட்சம் பேர் பார்த்தார்கள், அங்கே ஒரு பெரிய சேனலுக்கு அது போதாது. அந்த வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரத்தில் வேறு எதையாவது போட்டால் இன்னும் கூட்டம் வரும் என்று தோன்றினால் அவ்வளவுதான், தூக்கிவிடுவார்கள். ஆனால் ஸ்டுடியோவின் தலைவலி வேறு. சேனல் கொடுக்கும் உரிமத் தொகை எடுத்த செலவுக்குப் பெரும்பாலும் போதாது, மிச்சத்தை ஸ்டுடியோதான் சுமக்கும். தொடர் நாலைந்து வருடம் ஓடி நூறு எபிசோடை நெருங்கினால், ஊருக்கு ஊர் இருக்கும் உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்புக்கு விற்று, இழந்ததையெல்லாம் மீட்டுவிடலாம். அவர்கள் வாரம் ஐந்து நாள் போடுகிறவர்கள், அதனால்தான் அந்த நூறு கணக்கு. 14 எபிசோடை வைத்துக்கொண்டு மூன்று வாரம்கூட ஓட்ட முடியாது, யார் வாங்குவார்கள்? ஆக, கிடங்கில் டேப் கிடக்கிறது, போட்ட பணம் அப்படியே நிற்கிறது. அதில் கொஞ்சமாவது திரும்பி வர அன்றைக்கு இருந்த நல்ல வழி டிவிடி.

கோவை மணி: பார்க்கவே ஆளில்லாததை வாங்க மட்டும் ஆள் எங்கிருந்து வரும் சார்?

ஆளில்லாமல் இல்லை, சேனலுக்குப் போதிய ஆளில்லை. ஆயிரம் பேர் உட்காரும் கல்யாண மண்டபத்துக்கு நாற்பது பேர் வந்தால் அவமானம், அதே நாற்பது பேர் தினமும் மெஸ்ஸுக்கு வந்தால் முதலாளி பிழைத்துக்கொள்வார். 47 லட்சத்தில் நூற்றுக்கு இரண்டு பேர் வாங்கினாலே 94,000 பெட்டி. இது புரிவதற்காக நான் போட்ட கணக்கு, உண்மையில் அதைவிட நன்றாகவே விற்றது.

இன்னொன்றையும் பாருங்கள். ஓசியில் பார்க்கிறவர் பாதிக் கண்ணோடு பார்ப்பார், சேனலுக்கு அவரும் ஒரு தலைதான். கடையில் 40, 50 டாலர் எடுத்து வைக்கிறவர் வேறு ஜாதி. நிறுத்தப்பட்ட தொடருக்கு அப்படிப்பட்டவர்கள் விகிதத்தில் அதிகம், ஏனென்றால் அவர்களுக்குக் கோபம் இருக்கிறது. ஃபயர்ஃப்ளையில் கோபத்துக்கு நியாயமும் இருந்தது: கதையைத் தொடங்கி வைக்கும் இரண்டு மணி நேர முதல் எபிசோடை சேனல் டிசம்பரில் கடைசியாகப் போட்டது! யார் யார் என்றே தெரியாமல் ஜனங்கள் நடுவிலிருந்து பார்த்தார்கள். மூன்று எபிசோட் வெளிவரவே இல்லை. 2003 டிசம்பரில் வந்த டிவிடியில்தான் சரியான வரிசையும் அந்த மூன்றும் கிடைத்தன. அதாவது பழைய சரக்கை மறுபடி விற்றார்கள் என்று சொல்லவே முடியாது, பலருக்கு அந்தத் தொடர் முதல்முறை ஒழுங்காகக் கிடைத்ததே அப்போதுதான். இதே கதை இன்னும் நிறைய. வண்டர்ஃபால்ஸில் எடுத்தது 13, 2004இல் ஒளிபரப்பியது 4, அடுத்த வருடம் பெட்டியில் 13ம் வந்தன. ஏபிசி 2000இல் இரண்டே எபிசோடோடு நிறுத்திய கிளெர்க்ஸ் கார்ட்டூனின் ஆறும் மறுவருடம் டிவிடியில் வந்தன. சேனல் வைத்த மிச்சம்தான் பெட்டிக்கு விளம்பரம்.

பெயர் வேண்டாம்: ஏழு சீசன் ஓடிய தொடரைப் போடுவதுதானே பாதுகாப்பு? குட்டித் தொடரில் ரிஸ்க் இல்லையா?

தலைகீழ். நீண்ட தொடருக்கு முதல் சீசன் நன்றாக விற்கும், இரண்டாவது கொஞ்சம் குறையும், மூன்றாவதில் கடைக்காரர் அலமாரி இடத்தை எண்ண ஆரம்பிப்பார். மர்ஃபி பிரவுன் பத்து சீசன் ஓடியது, டிவிடியில் 2005இல் முதல் சீசன் மட்டும் வந்து நின்றுபோனது. குட்டித் தொடர் என்றால் மூன்று நாலு டிஸ்க், ஒரே பெட்டி, மேலே ‘முழுத் தொடர்’ என்று அச்சடித்துவிடலாம். வாங்குகிறவருக்கும் நிம்மதி, அடுத்த பாகம் வருமா என்று காத்திருக்க வேண்டாம். படப்பிடிப்புச் செலவு எப்போதோ முடிந்துவிட்டது. மிச்சம் மாஸ்டரை, அதாவது மூலப் பிரதியைச் சரிபார்ப்பது, மெனு, சப்டைட்டில், அட்டை, டிஸ்க் அச்சடிப்பு. நடிகர்களை ஒரு மத்தியானம் உட்காரவைத்துப் பேசச் சொன்னால் விளக்க ஒலித்தடம் தயார். ரசிகர்கள் அதற்காகவே வாங்குவார்கள், நான் உட்பட.

விற்காமல் போனால் கடைகள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிடும், அது மட்டும் உண்மையான ரிஸ்க். அதற்கும் பிறகு வழி கண்டுபிடித்தார்கள்: 2009இல் வார்னர் ஆர்க்கைவ் வந்தது, ஆர்டர் வந்த பிறகு டிஸ்க் எழுதி அனுப்பும் முறை. கிடங்கும் வேண்டாம், திரும்பி வரும் சரக்கும் இல்லை. ஆனால் எழுதும் டிஸ்க் அச்சடித்த டிஸ்க் அளவுக்கு உழைக்காது. வேறொரு கம்பெனியிடம் அப்படி வாங்கிய ஒன்று ஆறே வருடத்தில் என்னிடம் படுத்துவிட்டது. நம் ஊர் வெயிலையும் ஈரத்தையும்தான் குறை சொல்ல வேண்டும் என்று அவர்கள் பதில் எழுதினார்கள்.

ஸ்டீபன், திருச்சி: அப்படியானால் ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ் வர ஏன் அத்தனை வருடம் ஆனது? அதுவும் ஒரே சீசன்தானே?

நல்ல கேள்வி, எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். பால் ஃபீக் உருவாக்கி ஜட் அபடோ தயாரித்தது. எடுத்தது 18, என்பிசி நிறுத்தியபோது 12தான் வந்திருந்தன. ரசிகர் இருந்தார்கள், ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள், படைப்பாளிகளும் தயார். சிக்கல் பாட்டுகளால் வந்தது. 1980இல் மிச்சிகனில் நடக்கும் பள்ளிக்கூடக் கதை. பசங்கள் ராக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், தொடக்கப் பாட்டே ஜோன் ஜெட் பாடியது. தி ஹூ, ஸ்டிக்ஸ், வான் ஹேலன் என்று ராக் குழுக்களின் பாட்டு எபிசோடுக்கு எபிசோட்.

ஒரு பாட்டை தொடரில் போட இரண்டு அனுமதி வேண்டும்: எழுதி மெட்டுப் போட்டவர் பக்கம் ஒன்று, ஒலிப்பதிவுக்குச் சொந்தமான இசை கம்பெனியிடம் ஒன்று. அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஒளிபரப்புக்கு மட்டும், அதுவும் சில வருடங்களுக்கு மட்டும் வாங்குவார்கள், ஏனென்றால் முழுத் தொடரை யாராவது வீட்டுக்கு வாங்கிப் போவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. டிவிடி என்றவுடன் ஒவ்வொரு பாட்டுக்கும் மறுபடி பேரம். பல கம்பெனிகள் பாட்டை எடுத்துவிட்டு மலிவான இசையை ஒட்டிவிடும். வானொலி நிலையத்தைப் பற்றிய நகைச்சுவைத் தொடரான டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டிக்கு 2007இல் அதைத்தான் செய்தார்கள், பாட்டில்லாத வானொலி நிலையம் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஃப்ரீக்ஸ் ஆட்கள் பாட்டை வெட்டச் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஷவுட்! ஃபேக்டரி என்ற சின்ன கம்பெனி உரிமம் வாங்கி, பாட்டுக்கும் காசு கொடுத்து, 2004இல் கொண்டுவந்தது. பெரிய ஸ்டுடியோவுக்குச் சில்லறையாகத் தெரிவது சின்ன கம்பெனிக்கு வருடச் சம்பளம், ஓடாத தொடர்கள் பல இப்படித்தான் வெளிவந்தன.

ஸ்டீபன் மறுபடியும்: கோல்ட் கேஸ் ஏழு சீசன் ஓடியதே, அது ஏன் டிவிடியில் இல்லை?

அதே பாட்டு. பழைய கொலை வழக்கு நடந்த வருடத்தின் ஹிட் பாடல்களை எபிசோட் முழுக்கப் போடுவார்கள். கூட்டிப் பாருங்கள், ஏழு சீசன்! ஓடிய தொடர் வரவில்லை, ஓடாத தொடர் வந்தது. எது எத்தனை நாள் ஓடியது என்பதைவிட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

லதா: டிவிடி நன்றாக விற்றால் தொடர் திரும்ப வருமா அண்ணா?

அபூர்வமாக வரும். ஃபேமிலி கை (Family Guy) என்ற கார்ட்டூன் தொடரை ஃபாக்ஸ் 2002இல் நிறுத்தியது, 2003இல் டிவிடி சுமார் 22 லட்சம் விற்றது, கார்ட்டூன் நெட்வொர்க்கின் இரவு மறு ஒளிபரப்பும் கூட்டம் சேர்த்தது, 2005இல் புது எபிசோடுகள் வந்துவிட்டன. ஃபயர்ஃப்ளை தொடராகத் திரும்பவில்லை, ஆனால் அதே 2005இல் செரினிட்டி என்ற படமாக வந்தது, எடுத்ததும் ஃபாக்ஸ் இல்லை, யுனிவர்சல். அந்தப் படம் பெரிதாக ஓடவில்லை. பெட்டி வாங்குகிற கூட்டம் வேறு, தியேட்டருக்கு வருகிற கூட்டம் வேறு என்பதற்கு அதுவே சாட்சி.

கார்த்திக் 77: டிவிடிக்கு முன்னால் விஎச்எஸ் வீடியோ டேப் காலத்திலும் இப்படி நடந்ததா?

குறைவு. ஒரு டேப்பில் இரண்டு எபிசோட் வரும், ஒரு சீசனுக்கு அலமாரி நிறைந்துவிடும். டிவிடி அமெரிக்காவுக்கு வந்தது 1997இல். 2000இல் எக்ஸ் ஃபைல்ஸ் முதல் சீசன் ஒரே பெட்டியாக வந்து விற்ற பிறகுதான் முழு சீசன் என்பதே ஒரு சரக்கு ஆனது. ஆனால் குட்டித் தொடருக்கு டேப்பிலும் இடம் இருந்தது. 1982இல் ஏபிசி ஆறே எபிசோடோடு முடித்த போலீஸ் ஸ்குவாட்! அப்படி டேப்பில் வந்தது. கவனித்துப் பார்த்தால்தான் ரசிக்க முடியும் என்பதையே நிறுத்தியதற்குக் காரணமாகச் சொன்னார் ஒரு ஏபிசி அதிகாரி. பின்னணியில் ஓடும் ஜோக்குகளை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வீடியோவைவிட நல்ல இடம் ஏது? 1988இல் அதே ஆட்கள் நேக்கட் கன் படமாக எடுத்து அள்ளிவிட்டார்கள்.

உதவி எழுத்தாளன்: எழுதியவர்களுக்கு டிவிடியில் பங்கு உண்டா?

உண்டு, சிரிப்பு வரும். மொத்த விற்பனை வருமானத்தில் 20 சதவீதத்தை மட்டும் கணக்கில் எடுத்து, அதில் 1.5 சதவீதம் (ஓர் அளவுக்கு மேல் 1.8). ஸ்டுடியோ ஒரு பெட்டியை 25 டாலருக்கு கடைக்குக் கொடுத்தால் எழுத்தாளர் தரப்புக்கு ஏழரை சென்ட். ஏழரை என்றே வந்திருக்கிறது பாருங்கள். 2007 நவம்பரில் தொடங்கிய எழுத்தாளர் வேலைநிறுத்தத்துக்கு முன் நடந்த பேச்சில் இதை இரட்டிப்பாக்கக் கேட்டார்கள், இணையத்துக்கான பங்குதான் முக்கியம் என்று அந்தக் கோரிக்கையை விலக்கிக்கொண்டார்கள்.

முத்துலட்சுமி: நம் தமிழ் சீரியல்களை ஏன் இப்படிப் பெட்டியாகப் போடவில்லை தம்பி?

அம்மா, 700 எபிசோட் ஓடிய மெகாதொடர், எபிசோடுக்கு 20 நிமிடம் என்று வையுங்கள். ஒரு விசிடியில் 80 நிமிடம், நாலு எபிசோட். 175 டிஸ்க்! பீரோவோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும். அப்புறம், இங்கே பல தயாரிப்பாளர்கள் சேனலிடம் நேரத்தை வாங்கி, விளம்பரத்தைத் தாங்களே விற்றார்கள். உரிமை அவர்களிடமே தங்கிய தொடர்கள் பின்னாளில் யூடியூபுக்கு வந்தன, கவிதாலயாவின் மர்மதேசம் போல.

ஆனந்த்: அமெரிக்க டிஸ்க் இங்கே ஓடுமா?

எந்த நாட்டு டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்று உலகை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: டிவிடியில் அமெரிக்கா மண்டலம் 1, இந்தியா 5. எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் வேண்டும். ப்ளூரேயில் அவர்கள் ஏ, நாம் சி. பர்மா பஜாரில் ஒரு காலத்தில் இந்தப் பிரச்சினையே இருந்ததில்லை, அதைப் பற்றி நான் எதுவும் பேசப் போவதில்லை.

ரம்யா மறுபடியும்: இப்போது ஸ்ட்ரீமிங்கில்தான் எல்லாம் இருக்கிறதே, டிஸ்க் எதற்கு?

இருக்கும்வரை இருக்கும். நான்காவது சீசனோடு நிறுத்திய வெஸ்ட்வேர்ல்டை 2022 டிசம்பரில் எச்பிஓ மேக்ஸ் தன் தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. எட்டு எபிசோடோடு முடிந்த வில்லோவை டிஸ்னி பிளஸ் 2023 மே மாதம் நீக்கியது, முடிந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. காட்டாத தொடரைச் சொத்தாகக் கணக்கில் வைத்திருப்பதைவிட நஷ்டமாக எழுதிவிட்டால் வரி மிச்சம், காட்டினால் கொடுக்க வேண்டிய தொகையும் மிச்சம். முன்பு நிறுத்திய தொடரில் பணம் பார்க்க பெட்டி போட்டார்கள், இப்போது அதே பணத்துக்காக ஒளித்து வைக்கிறார்கள். வெஸ்ட்வேர்ல்டின் நாலு சீசனும் டிஸ்க்கில் வந்தவை, அதனால் என் அலமாரியில் இருக்கின்றன.

ரம்யா: கடனாகத் தருவீர்களா?

மன்னிக்கவும். 2011இல் ஒருவருக்குக் கொடுத்த ஃபயர்ஃப்ளை மூன்றாவது டிஸ்க் இன்னும் வரவில்லை.