கேடிஇ பிளாஸ்மாவுக்கு எந்த லினக்ஸ் வழங்கல் பொருத்தமானது?

கேடிஇயின் பிளாஸ்மா பணிமேடை (திரையில் காணும் சாளரங்கள், பட்டியல்கள் அடங்கிய இடைமுகம்) பிடித்துவிட்டது, அதை எந்த லினக்ஸில் நிறுவுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பிளாஸ்மாவின் நிரல் எல்லா வழங்கல்களிலும் (டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகளிலும்) ஏறக்குறைய ஒன்றுதான். அதன் எந்தப் பதிப்பு, எவ்வளவு விரைவில் உங்கள் கைக்கு வருகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

பிளாஸ்மா 6 வெளியானது 2024 பிப்ரவரியில். ஆனால் டெபியன் 12 தன் நிலையான பதிப்பில் 5.27-ஐயே வைத்திருந்ததால், அதன் பயனர்கள் 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. இதைக் குறையென்று நான் கருதவில்லை. நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் பொத்தான்கள் இருக்க வேண்டுமென விரும்புபவருக்கு இதைவிட நல்ல தேர்வு கிடையாது.

புதியதை உடனே பெற விரும்பினால் ஓப்பன்சூசே டம்பிள்வீட்டை மனமாரப் பரிந்துரைக்கிறேன். அதன் இயல்பான நிறுவலில் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையும், கணினியின் நிலையை நிலைப்படமாகப் பதிந்துவைக்கும் ஸ்னாப்பர் கருவியும் சேர்ந்தே வருவதால், ஒரு புதுப்பிப்புக்குப் பின் திரை கறுத்து நின்றாலும், கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் முந்தைய நிலைப்படத்தைத் தேர்ந்தெடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

இரண்டுக்கும் நடுவே ஃபெடோரா இருக்கிறது. 42-ஆம் பதிப்பிலிருந்து அதன் கேடிஇ வடிவம் முதன்மைப் பதிப்புகளுள் ஒன்றாகிவிட்டது. உபுண்டு பழகியவருக்கு அதன் பிளாஸ்மா வடிவமான குபுண்டு போதும்.

நிறுவுவதற்கு முன் யூஎஸ்பியிலிருந்து இயக்கி, வைஃபை, ஒலி, உறக்க நிலையிலிருந்து மீள்வது ஆகிய மூன்றையும் சோதித்துப் பாருங்கள்.