சின்ன வியாபாரத்துக்கு வரி விதி நியாயமா இருக்கணும்னா எதை மாத்தணும்?

வரி விகிதத்தைக் குறைச்சாலே சின்ன வியாபாரிங்க பொழைச்சுக்குவாங்களான்னு கேட்டிருக்கீங்க. என்னைக் கேட்டா விகிதம் ரெண்டாவதுங்க, முதல்ல மாத்த வேண்டியது தேதி. பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே வரியக் கட்டுன்னு சொல்ற விதி இருக்கு பாருங்க, அதுதான் ஆளைக் கவுக்குது.

நான் சின்னச் சின்ன தொழில் பண்றவங்களுக்கு கணக்கு பாக்குறேன். லேத் பட்டறை வச்சிருக்கிற ஒருத்தர் ஒரு பெரிய கம்பெனிக்கு பார்ட்ஸ் செஞ்சு குடுத்தார், பில் போட்டதுக்கு அடுத்த மாசமே அதுக்கான வரி கட்டணும், ஆனா கம்பெனிக்காரங்க காசு குடுத்தது நாலாவது மாசம். நடுவுல ஒரு நாள் சாயங்காலம் வந்து சம்பள நோட்டையும் வரி சலானையும் டேபிள்ல பக்கத்துப் பக்கத்துல வச்சுட்டு, "இதுல எதை சார் முதல்ல குடுக்கிறது"ன்னு கேட்டார். எனக்கு பதில் சொல்லத் தெரியல. கடைசில வட்டிக்கு வாங்கி வரியக் கட்டிட்டு சம்பளத்தை பாதி பாதியா குடுத்தார். இதுல கொடுமை என்னன்னா, அந்த கம்பெனி இவருக்கு ஒத்தப் பைசா குடுக்காமலே இவரோட பில்லைக் காட்டி அந்த வரிய தன் கணக்குல கழிச்சுக்கிச்சு. சட்டப்படி அது தப்பில்ல. அதாவது இவர் கடன் வாங்கிக் கட்டின வரி, அவங்களுக்கு தள்ளுபடி.

இதுக்கு வழி இல்லாம இல்ல. காசு வந்த பிறகு வரி கட்டினா போதும்ங்கிற முறை பல நாட்டுல நடைமுறையிலயே இருக்கு. ஆஸ்திரேலியாவுல வருஷ டர்ன்ஓவர் 1 கோடி டாலருக்குக் கீழ இருக்கிற தொழில் இப்படி கணக்கு வச்சுக்கலாம், நியூசிலாந்துல அந்த வரம்பு 20 லட்சம் டாலர். இந்தியாவுல ஜிஎஸ்டில அது கிடையாது. வாங்கினவர் 180 நாளுக்குள்ள காசு குடுக்கலன்னா எடுத்த கிரெடிட்டை, அதாவது பில்லைக் காட்டி கழிச்சுக்கிட்ட வரிய, திருப்பணும்னு ஒரு விதி இருக்கு, சரி, ஆனா 180 நாள்னா ஆறு மாசம், அதுவரைக்கும் பட்டறைக்காரர் எதை வச்சு ஓட்டுவார்? காசு குடுத்தாத்தான் கிரெடிட்னு ஒரே வரில எழுதிட்டா பெரிய கம்பெனிங்க தானா சீக்கிரம் செட்டில் பண்ணுவாங்கன்னு நான் நம்புறேன்.

அடுத்தது வரம்பு. இங்கிலாந்துல 12 மாச டர்ன்ஓவர் 90,000 பவுண்டைத் தாண்டினா வாட் (நம்ம ஜிஎஸ்டி மாதிரி அங்க இருக்கிற வரி) பதிவு கட்டாயம் (2024 ஏப்ரல் வரைக்கும் அது 85,000). வரி தாண்டின அந்த கொஞ்சத்துக்கு மட்டும்னு நிக்காது, அதுக்கப்புறம் விக்கிற எல்லாத்துக்கும் 20 சதவீதம். முடி வெட்டுறவர் மாதிரி உழைப்பை மட்டும் விக்கிறவருக்கு கழிக்கிறதுக்கு கொள்முதல்னு பெருசா ஒண்ணும் இருக்காது, விலையும் ஏத்த முடியாதுன்னா வரவுல ஏறக்குறைய ஆறுல ஒரு பங்கு (120-ல 20) போயிடும். அதனால நிறைய பேர் வரம்புக்கு கொஞ்சம் கீழயே நின்னுக்குறாங்க, வர்ற வேலைய வேண்டாம்னு சொல்றாங்க, வருஷக் கடைசில கடைய மூடிட்டு லீவு போடுறாங்க. வளரணும்னு நினைக்கிறவனையே விதி புடிச்சு இழுக்குது. படிக்கட்டு மாதிரி இல்லாம சரிவு மாதிரி வச்சா, அதாவது வரம்பைத் தாண்டினதும் முதல்ல கொஞ்சம் வரி, டர்ன்ஓவர் ஏற ஏற முழு வரின்னு வச்சா, இந்தப் பயம் இருக்காது. ஃபின்லாந்துல 2024 வரைக்கும் கிட்டத்தட்ட இப்படி ஒரு சலுகை இருந்துச்சு.

ரிட்டர்ன் லேட்டானா போடுற ஃபைன் பத்தியும் சொல்லிடுறேன். ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி போடுறது சமம் மாதிரி தெரியும். பத்து பேர் உக்காந்த அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்ட் வச்சிருக்கிறவங்களும், பகல் பூரா மெஷின்ல நின்னுட்டு ராத்திரி பதினொரு மணிக்கு பில்லு அடுக்குறவரும் எப்படிங்க ஒண்ணாவாங்க? கட்ட வேண்டிய வரில இத்தனை சதவீதம்னு வைங்க, வரியே இல்லாத மாசத்துக்கு ஃபைனும் வேண்டாம்.

விகிதத்துல ரெண்டு சதவீதம் குறைச்சிருந்தாலும் அந்த லேத்காரர் வட்டிக்கு வாங்கித்தான் இருப்பார். அரசாங்கம் நாலு மாசம் பொறுத்திருந்தா முழு வரியையும் தன் காசுலயே கட்டியிருப்பார்.