வாசகர் கேள்வி பதில்: சம்பளமும் மாலைப்பொழுதும்

கேள்வி: பட்டப்படிப்பை முடித்து மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வந்து எட்டு மாதங்களாகின்றன. வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, கோட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதம் முடியும் முன்னரே சம்பளம் தீர்ந்துவிடுகிறது. மாலையில் பேசுவதற்கு எவருமில்லை. இதற்காகவா படித்தேன்?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: காலி வீதியில் 100ஆம் இலக்கப் பேருந்தின் நெரிசலில் நின்றபடி நானும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் நாம் நண்பர்களைத் தேடிச் செல்வதில்லை. விடுதியும் விரிவுரை மண்டபமும் தேநீர்க் கடையும் அவர்களைத் தாமாகவே நம்மிடம் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன. அந்த ஏற்பாடு கலைந்துபோனதையே நீங்கள் தனிமையாக உணர்கிறீர்கள் என எண்ணுகிறேன். எனவே, கிழமையில் ஒரு மாலையை ஒதுக்கி, அருகிலேயே இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் போன்ற ஓர் இடத்துக்குத் தவறாமல் செல்லுங்கள். முதல் மாதத்தில் எவரும் பேசமாட்டார்கள். அதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

சம்பளச் சீட்டையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்காக உங்களிடம் 8 சதவீதம் கழிக்கப்படும்போது, நிறுவனம் தன் பங்காக 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 சதவீதமும் செலுத்தவேண்டும். அது உரியவாறு வரவு வைக்கப்படுகிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு நான் இதைச் சொல்வது சற்று வேடிக்கைதான்.

வாடகையைப் பொறுத்தவரை, அறையைப் பகிர்ந்துகொள்ள இன்னொரு பெண்ணைத் தேடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.