மண்டாயில் விடுமுறைத் தொண்டூழியம்: தடவிக் கொடுக்கும் வேலையல்ல

கேள்வி: என் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். கால்நடை மருத்துவராக வேண்டும் என்பது அவள் கனவு. ஆண்டிறுதி விடுமுறையில் மண்டாயில் உள்ள சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தில் தொண்டூழியம் செய்யப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். என்ன வேலை கொடுப்பார்கள்? எப்படித் தயார் செய்வது? – யீஷூன் வாசகி

பதில்: விண்ணப்பிக்கும் முன்பே மகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். மாணவத் தொண்டூழியருக்குக் கிடைக்கும் வேலையில் பெரும்பகுதி மனிதர்களோடுதான். புலிக்குட்டியைத் தூக்கிக் கொஞ்சலாம் என்று போகிற பிள்ளைகள் இரண்டாம் நாளே சோர்ந்துவிடுகிறார்கள். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது, உணவு கொடுக்கக் கை நீட்டுகிறவரைத் தடுப்பது, விலங்குகள் பொழுதுபோக்க அட்டைப்பெட்டி தயாரிப்பது, நடத்தையைக் குறித்து வைப்பது ஆகியவைதான் இந்தப் பணியின் உடம்பு. மருத்துவராக நினைக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை என்றே சொல்வோம்.

தடுப்பது என்றோமே, அதில்தான் திறமை வேண்டும். புரோபோசிஸ் எனப்படும் நீள்மூக்குக் குரங்கின் முன்னால் ஒரு சிறுவன் பழுத்த வாழைப்பழத்தை நீட்டுகிறான் என்று வையுங்கள். "கொடுக்காதே!" என்று அதட்டினால் பையன் அழுவான், தாத்தா கோபப்படுவார், நீங்கள் நகர்ந்ததும் பழம் உள்ளே போய்விடும். பையனின் உயரத்துக்குக் குனிந்து, "அதோட வயிறு ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு, தெரியுமா?" என்று கேட்க வேண்டும். அந்தக் குரங்கின் இரைப்பை பல அறைகள் கொண்டது. இலைகளை உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் மெல்ல நொதிக்க வைத்துச் செரிக்கின்றன. இனிப்பான பழம் போனால் அதே நொதித்தல் கட்டுக்கடங்காமல் நடக்கும். வாயு ஏறி வயிறு உப்பி, உயிரே போகலாம். காரணம் கண்முன்னே வயிறாகத் தெரிவதால் பையன் தானாகவே கையை இழுத்துக்கொள்வான். டிசம்பரில் தமிழ்நாட்டிலிருந்து வரும் குடும்பங்களும் நிறைய. உங்கள் மகளின் தமிழ் அங்கே பெரிதும் உதவும்.

வளாகத்தில் திரியும் நீள்வால் குரங்குகள் தோட்டத்து விலங்குகள் அல்ல, காட்டு விலங்குகள். அவற்றுக்கு உணவு கொடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று அவை பழகிவிட்டன. அதனால் மதிய உணவை ஸிப் வைத்த துணிப்பையில் கொடுத்தனுப்புங்கள். எதிரே வந்துவிட்டால் கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது, ஓடவும் கூடாது. அது பல்லைக் காட்டுவது சிரிப்பல்ல. பெரும்பாலும் பயம்.

அட்டைப்பெட்டி வேலையைப் பலர் எளிதாக நினைக்கிறார்கள். ஒட்டுநாடா, ஸ்டேப்பிள் ஊசி, முகவரித் தாள், பளபளப்பான மேல்பூச்சு எல்லாவற்றையும் முழுதாக எடுத்துவிட்ட பிறகே தீனியை உள்ளே வைத்து மடிக்க வேண்டும். ஒரே ஒரு ஊசி தங்கிவிட்டாலும் குடலைத் துளைத்துவிடும். முனைகளை விரலால் ஒருமுறை தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும், கண் மட்டும் போதாது.

நடத்தைக் குறிப்பை இப்போதே பழகலாம். ஒரு நாள் பார்வையாளராகப் போய், ஒரே விலங்கை 20 நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, அந்தக் கணத்தில் அது என்ன செய்கிறதோ அதை மட்டும் எழுத வேண்டும்: தின்கிறது, நடக்கிறது, படுத்திருக்கிறது, கண்ணில் படவில்லை. சுவாரசியமானதை மட்டும் எழுதினால் கணக்கு கெட்டுப்போகும். தூங்கிக்கொண்டே இருந்தால் பத்து வரியிலும் தூக்கமே வரட்டும். "சோகமாக இருக்கிறது" என்பது குறிப்பல்ல, நம் கற்பனை. "மூலையில், தலையைக் கைமேல் வைத்துப் படுத்திருக்கிறது" என்பதே குறிப்பு. ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடந்தால் எத்தனை முறை, எந்த இடம் என்று எழுதிப் பராமரிப்பாளரிடம் காட்ட வேண்டும்.

உடல்நலத்தில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். இருமல், சளி இருந்தால் அன்று விடுப்பு. மனிதக் குரங்குகளுக்கு நம் சளிக்காய்ச்சல் அப்படியே தொற்றும். நம் உதட்டில் கொப்புளமாக வந்து போகும் ஹெர்பிஸ் கிருமி, மார்மோசெட் என்னும் சிறு குரங்கைக் கொன்றே விடும். டெட்டனஸ் தடுப்பூசி நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை இருந்தால் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். கொசு விரட்டியை வீட்டிலேயே பூசிக்கொள்ள வேண்டும். தவளை, பட்டாம்பூச்சி இருக்கும் இடத்தில் தெளிப்பது அவற்றுக்கு நஞ்சு.

மூடிய, வழுக்காத காலணி, ஒரு லிட்டர் தண்ணீர், குடைக்குப் பதில் மழைச்சட்டை. ஆண்டிறுதி வடகிழக்குப் பருவமழைக் காலம். மதியத்துக்குமேல் இடி மின்னல் வந்தால் திறந்த இடத்தில் நிற்க வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து காத்திப் ரயில் நிலையம் போய் மண்டாய் ஷட்டில் பேருந்து பிடிப்பது சுலபம்.

விண்ணப்பத்தை விடுமுறை தொடங்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். ஆள் எடுப்பது ஆண்டு முழுதும் நடப்பதில்லை. வேலைக்கு வேலை வயது நிபந்தனை மாறும் என்பதால், தோட்டத்தை நடத்தும் மண்டாய் வனவிலங்குக் குழுமத்தின் இணையத்தளத் தொண்டூழியப் பக்கத்தில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பள்ளியின் விஐஏ (மாணவர் சமூகச் சேவைத் திட்டம்) கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். முடிந்தபின் கேட்டால் சான்று வாங்க அலைய வேண்டும்.

இந்த முறை இடம் கிடைக்காவிட்டால் விடுமுறையை வீணாக்க வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பான ஜேன் குட்டால் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளை, ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் குரங்குகளைக் கணக்கெடுக்கத் தொண்டூழியர்களுக்குப் பயிற்சி தருகிறது. சிங்கப்பூரில் அவை நூறுகூட இல்லை. கரிய உடல், தொடையின் உட்புறத்தில் வெள்ளைப் பட்டை. பெரும்பாலும் மரத்தின் உச்சியிலேயே இருக்கும். பைனாகுலரும் பொறுமையும் வேண்டும், அந்த 20 நிமிடப் பயிற்சி அங்கேயும் கைகொடுக்கும்.