பழைய டீசல் லாரிக்குப் புதிய தர ஆயில் ஊற்றலாமா?

கேள்வி கேட்டவர் பி.எஸ்.-3 என்ற பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிக் காலத்து லாரி வைத்திருக்கிறார். வழக்கமாக ஊற்றும் சி.ஐ.-4 பிளஸ் என்ற பழைய தர ஆயில் இல்லையென்று கடையில் சி.கே.-4 என்ற புதிய தர ஆயிலைத் தருகிறார்கள், அது பழைய இன்ஜினைத் தின்றுவிடும் என்று மெக்கானிக் சொல்கிறார், ஊற்றலாமா, கூடாதா என்பது அவர் கேள்வி. தாராளமாக ஊற்றலாம், ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண் 15டபிள்யூ-40 ஆக இருந்தால் போதும். பெங்களூரு யஷ்வந்தபுரம் மார்க்கெட் யார்டுக்குச் சரக்குக் கொண்டுவரும் லாரிகளின் பராமரிப்பைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். எந்த ஆயில் கம்பெனியோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

பழைய ஆயிலில் கார இருப்பு, அதாவது டி.பி.என்., அதிகம் என்பதும் அதனால் அதுவே இன்ஜினுக்கு நல்லது என்பதும் பலரின் வாதம். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து அமிலமாகும்போது அதை முறிப்பதற்குத்தான் அந்தக் காரம் தேவைப்பட்டது. 2002இல் வந்த சி.ஐ.-4 தரம், எடையில் 0.5 சதவீதம், அதாவது 5,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5,000 பங்கு) வரை கந்தகம் இருக்கும் டீசலையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நம் நாட்டிலோ பி.எஸ்.-3இல் 350 பி.பி.எம். ஆக இருந்த கந்தகம் பி.எஸ்.-4இல் 50 ஆகி, 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் 10 ஆகக் குறைந்துவிட்டது. லாரி பழையதாக இருந்தாலும் அதன் டேங்கில் விழுவது இன்றைய டீசல்தான். பழைய அளவுக் காரத்தைத் தேடி அலைய வேண்டிய காரணம் பெரும்பாலும் போய்விட்டது.

அடுத்த பயம் இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேமும் டேப்பெட்டும் தேய்ந்துவிடும் என்பது. இன்றைய பி.எஸ்.-6 லாரிகளில் இருப்பது போன்ற புகை வடிகட்டியைச் சாம்பல் அடைக்கக் கூடாது, புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கியைப் பாஸ்பரஸ் கெடுக்கக் கூடாது என்பதற்காக, 2006இல் சி.கே.-4க்கு முந்தைய தரமான சி.ஜே.-4 வந்தபோதே சாம்பலுக்கு 1 சதவீதமும் பாஸ்பரஸுக்கு 0.12 சதவீதமும் உச்ச வரம்பாக வைத்தார்கள். 2016 இறுதியில் வந்த சி.கே.-4இலும் அதே வரம்புதான். தேய்மானத்தைத் தடுக்கும், பாஸ்பரஸ் அடங்கிய ஜிங்க் கலவையை அடியோடு எடுத்துவிட்டார்கள் என்பது பெட்ரோல் கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதியை இதோடு குழப்பிக்கொண்டவர்கள் பரப்பும் பேச்சு. 'ஃபோர்டு கம்பெனியே சி.கே.-4 மட்டும் போதாது என்றதே' என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். உண்மைதான்; பாஸ்பரஸை வரம்புக்கும் மிகக் கீழே குறைத்த ஆயில்களை ஒதுக்கவே அவர்கள் தனித் தரம் வகுத்தார்கள். ஆயில் கம்பெனியின் தரவுத் தாளில் பாஸ்பரஸ் அளவு இருந்தால் பாருங்கள். வரம்பை ஒட்டியிருப்பதை வாங்குங்கள்.

இந்தக் கேள்வி என்னைச் சுட்டதற்குக் காரணம் உண்டு. எங்களிடம் உள்ள பழைய ஆறு சக்கர லாரி ஒன்றில் சி.கே.-4 ஊற்றிய சில வாரங்களில் ஆயில் பிரஷர் இறங்கியது. டிரைவர் முதல் ஒர்க்ஷாப் ஃபோர்மேன் வரை எல்லோரும் ஆயிலின் மேல்தான் விழுந்தார்கள். இன்ஜினை இறக்க வேண்டும், லைனரும் பேரிங்கும் மாற்ற வேண்டும் என்று ஃபோர்மேன் கணக்குப் போட்டுக் கையில் கொடுத்தார். மறுநாள் காலை, வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன், நானே ஆயில் மட்டம் பார்க்கும் கேஜ் கம்பியை உருவிப் பார்த்தேன். குறைந்திருக்க வேண்டிய ஆயில் மேல் கோட்டைத் தாண்டி விரலகலம் ஏறி நின்றது. விரலில் தேய்த்தால் வழவழப்பு இல்லை. முகர்ந்தால் டீசல் நெடி. மையொற்றுத் தாளில் ஒரு சொட்டு விட்டு வைத்தபோது, நடுவில் கரித்திட்டும் அதைச் சுற்றி எண்ணெய் போல வெளிறிய அகன்ற வளையமும் படர்ந்தன.

ஆயிலில் டீசல் கலந்திருந்தது. இன்ஜினுக்கு டீசலைப் பீச்சும் இன்லைன் பம்ப் உள்ள வண்டிகளில் பல, பம்புக்கும் இன்ஜின் ஆயிலையே சுற்றவிடுபவை. டீசலை அழுத்தித் தள்ளும் அதன் எலிமென்ட்டுகள் தேய்ந்தால் டீசல் கசிந்து ஆயிலோடு சம்புக்கு, அதாவது இன்ஜினின் அடித்தொட்டிக்கு, வந்துவிடும். பம்பைக் கழற்றிக் கலாசிப்பாளையத்தில் ஒரு பம்ப் கடைக்குக் கொடுத்தோம்; எலிமென்ட்டையும் ஃபீட் பம்பையும் மாற்றி, அதே சி.கே.-4ஐப் புதிதாக ஊற்றியதும் பிரஷர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இன்ஜினை இறக்கச் சொன்னவர் ஒருமுறைகூடக் கேஜைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒரே லாரியை நம்பிப் பிழைப்பவர் அந்தக் கணக்கை நம்பியிருந்தால் கடனில் விழுந்திருப்பார்.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது எஃப்.ஏ.-4 என்ற தரத்துக்குத்தான். அது சி.கே.-4 உடன் ஒரே நாளில் வந்தாலும் பழைய இன்ஜின்களுக்கானது அல்ல. கடும் சூட்டிலும் உராயும் வேகத்திலும் பேரிங்குக்குள் நிற்கும் பிசுபிசுப்பு சி.கே.-4இல் குறைந்தது 3.5 சென்டிபாய்ஸ் இருக்க வேண்டும், எஃப்.ஏ.-4இல் அதை 2.9க்கும் 3.2க்கும் இடையில் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். டீசல் மிச்சமாகும் என்று யாராவது 10டபிள்யூ-30 கேனை நீட்டினால் பின்பக்க லேபிளில் எஃப்.ஏ.-4 என்று இருக்கிறதா எனப் பார்க்காமல் வாங்காதீர்கள். குளிரில் எளிதாக ஸ்டார்ட் ஆகும் என்ற காரணமும் பெங்களூருக்குப் பொருந்தாது. மார்கழிப் பனியிலும் இங்கே 15டபிள்யூ தாராளமாக ஓடும்.

உங்கள் ஊரில் சி.ஐ.-4 பிளஸ் நம்பகமான கடையில் சீல் உடையாமல் கிடைத்தால் அதையே தொடர்வதிலும் குற்றமில்லை. ஆனால் அதே கேனை பி.எஸ்.-6 வண்டியில் ஊற்றிவிடாதீர்கள். எதை ஊற்றினாலும் புதிய தரம் என்பதற்காக ஆயில் மாற்றும் கிலோமீட்டரை நீட்டாதீர்கள். பழைய இன்ஜினில் ரிங்கைத் தாண்டி இறங்கும் கரி அதிகம், கையேட்டில் உள்ள அளவுதான் கணக்கு. மாற்றிய மறுநாள் காலை கேஜில் ஆயில் நிற்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். வாரம் ஒருமுறை அதோடு ஒப்பிட்டு, மட்டம் ஏறி டீசல் நெடியும் அடித்தால் முதலில் பம்பைக் கழற்றச் சொல்லுங்கள்.