விறகு பாய்லர் வாங்கும் முன் டேங்கைப் பற்றிப் பேசிவிடுவோம்

கேள்வி: வீட்டைச் சூடாக்க, விறகை வாயுவாக்கி எரிக்கும் பாய்லர் வாங்கலாம் என்று இரண்டு கடைகளில் விலை கேட்டேன். ஒருவர் 25 கிலோவாட் பாய்லரோடு 1,500 லிட்டர் வெந்நீர் டேங்கையும் சேர்த்தே விலை சொல்கிறார். டேங்கும் அதற்கான சாமான்களும் சேர்ந்தால் கிட்டத்தட்ட பாய்லர் விலைக்கே வந்துவிடுகிறது. இன்னொருவர் டேங்க் எல்லாம் வேண்டாம், தேவைப்பட்டால் அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: டேங்கோடு விலை சொன்னவர் பேச்சைக் கேளுங்கள். காசு பார்ப்பதற்காக நம் தலையில் கட்டுகிறாரோ என்ற சந்தேகம் வருவது இயல்புதான், ஆனால் இந்த வகை பாய்லருக்கு டேங்க் கூடுதல் வசதி இல்லை, அது இல்லாமல் பாய்லர் செய்ய வேண்டிய வேலையைச் செய்யவே செய்யாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரியும். மேல் அறையில் விறகை அடுக்குகிறோம். அங்கே காற்று குறைவாகக் கிடைப்பதால் விறகு முழுசாக எரியாமல் வாயுவாக மாறுகிறது, அந்த வாயு ஒரு சிறிய துவாரம் வழியாகக் கீழே உள்ள செராமிக் அறைக்கு இழுக்கப்படுகிறது, அங்கே இன்னொரு தரம் காற்று கலந்து 1,000 டிகிரியை ஒட்டிய சூட்டில் எரிந்து தீர்கிறது. புகை கண்ணுக்குத் தெரியாததும் விறகு மிச்சமாவதும் இதனால்தான். ஆனால் முழு வேகத்தில் எரியும்போதுதான் இது ஒழுங்காக நடக்கும். உங்கள் வீட்டுக்கோ கடுங்குளிர் நாட்களைத் தவிர மற்ற நாட்களில் 7, 8 கிலோவாட்டே போதுமாக இருக்கலாம். மீதிச் சூடு எங்கே போவது? போக இடம் இல்லையென்றால் பாய்லர் தண்ணீர் கொதிநிலையை நெருங்கும், பாய்லரின் கட்டுப்பாட்டுக் கருவி காற்றை அடைத்துவிடும், உள்ளே இருக்கிற விறகு மணிக்கணக்கில் புகைந்துகொண்டே கிடக்கும், வாயு எரியாமல் தாராகிப் பாய்லர் சுவரிலும் புகைபோக்கியிலும் படியும். அந்தத் தார் ஒரு நாள் புகைபோக்கிக்குள் தீப்பிடிக்கவும் கூடும். நல்ல பாய்லருக்குரிய விலையைக் கொடுத்துவிட்டுப் பழைய புகை அடுப்பை ஓட்டுகிற நிலைமை அது.

டேங்க் இருந்தால் ஒரு சுமை விறகு ஒரே மூச்சில் முழு வேகத்தில் எரிந்து முடிந்துவிடும், சூடு தண்ணீரில் சேர்ந்திருக்கும், வீடு வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையையும் நான் ஏற்க மாட்டேன். பைப் வழி, சூடாகிப் பெருகும் தண்ணீருக்கு இடம் தரும் விரிவுத் தொட்டியின் அளவு, அறையில் இடம் எல்லாமே டேங்கை வைத்துத்தான் முடிவாகின்றன, பிறகு சேர்ப்பது என்றால் பாதி வேலையைப் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும். பட்ஜெட் இடிக்கிறது என்றால் பாய்லரைச் சின்னதாக்குங்கள், டேங்கை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: டேங்க் எத்தனை லிட்டர் வேண்டும்? ஒரு இடத்தில் 1,000 போதும் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 2,000க்குக் குறையக்கூடாது என்கிறார்கள்.

பதில்: இரண்டு பேரும் சரியாகச் சொல்லியிருக்கலாம், வேறு வேறு வீட்டை மனதில் வைத்து. பாய்லரின் ஒரு கிலோவாட்டுக்கு 50 முதல் 55 லிட்டர் என்று பரவலாக ஒரு கணக்கு இருக்கிறது, 25 கிலோவாட்டுக்கு 1,250 முதல் 1,375 வரை வரும். தொடக்கத்துக்கு அது சரி. ஆனால் கடைக்காரர்கள் அதோடு நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம், ஏனென்றால் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் உங்கள் ரேடியேட்டருக்கு எத்தனை டிகிரி தண்ணீர் வேண்டும் என்ற கேள்வி அந்தக் கணக்கில் வரவே இல்லை.

நாமே போட்டுப் பார்ப்போம். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் சூடு இருக்கும், அதாவது கிலோவாட் மணி. ஒரு சுமைக்கு 25 கிலோ என்றால் 100 யூனிட், அதில் பாய்லர் 88 யூனிட் அளவுக்குத் தண்ணீருக்குக் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோவாட் வேகத்தில் அது மூன்றரை மணி நேரத்தில் எரிந்து முடியும். அந்த நேரத்தில் வீடு 8 கிலோவாட் வீதம் 28 யூனிட் எடுத்துக்கொள்ளும். மீதி 60 யூனிட் டேங்குக்குப் போக வேண்டும்.

இப்போது டேங்க். 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 1.16 யூனிட் வேண்டும். டேங்கை 85 டிகிரி வரை ஏற்றுகிறீர்கள். பழைய ரேடியேட்டர், 60 டிகிரிக்குக் கீழே போனால் அறை சூடாகாது என்றால் உங்களுக்குக் கிடைப்பது 25 டிகிரிதான், 1,000 லிட்டருக்கு 29 யூனிட். 60 யூனிட் அடங்க 2,000 லிட்டருக்கும் கொஞ்சம் மேலே வேண்டும். ரேடியேட்டருக்குப் பதில் தரைக்கடியில் வெந்நீர் பைப் ஓடுகிற வீடு என்றால் 35 டிகிரி தண்ணீரே போதும், அதே 1,000 லிட்டரில் 58 யூனிட் பயன்படும், அந்த ஒரு டேங்கிலேயே கிட்டத்தட்ட எல்லாம் அடங்கிவிடும். பாய்லரும் விறகும் அதேதான், டேங்க் மட்டும் இரட்டிப்பாகிறது.

அதனால் இரண்டாவது டேங்குக்குக் காசு எடுத்து வைக்கும் முன், குளிரும் அறைகளில் இருக்கிற ரேடியேட்டர்களைப் பெரிதாக மாற்றினால் 50 டிகிரியில் வீடு தாங்குமா என்று பாருங்கள். தாங்கினால் 1,500 லிட்டரில் வேலை முடிந்தது. அந்த 8 கிலோவாட் நான் உதாரணத்துக்குச் சொன்னது. உங்கள் வீட்டுக் கணக்கு போன குளிர்காலத்தில் நீங்கள் எரித்த எண்ணெய் அல்லது கேஸ் பில்லில் இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பில்லைப் பார்க்காமல், எத்தனை டிகிரி என்று கேட்காமல் லிட்டர் சொல்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: பழைய எரிவாயுத் தொட்டி ஒன்று இரும்பு விலைக்குக் கிடைக்கிறது. அதையே டேங்காக மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கனமான இரும்பு, அழுத்தம் தாங்கும், பல வருடம் உழைக்கும். ஆனால் தயவுசெய்து நீங்களே வெட்டவோ வெல்டிங் செய்யவோ போகாதீர்கள். காலியான தொட்டி என்று நினைப்பதில் மிச்சம் இருக்கும் வாயு ஆளைக் கொன்றுவிடும். முறைப்படி வாயு நீக்கி, அழுத்தத் தொட்டிகளில் வெல்டிங் செய்யத் தகுதி உள்ளவரிடம் கொடுத்து, இணைப்புகள் வைத்து, தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்து வாங்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, இன்சுலேஷன் செலவு இரண்டையும் கூட்டிப் பார்த்தால் புது டேங்க் விலைக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. வீட்டுக் காப்பீட்டு நிறுவனம் ஒத்துக்கொள்ளுமா என்றும் முதலில் கேட்டுவிடுங்கள்.

அழுத்தம் இல்லாத திறந்த தொட்டியும் மலிவாகக் கிடைக்கும். அதில் சூட்டைச் சுருள் பைப் வழியாகத்தான் ஏற்றவும் எடுக்கவும் முடியும், இரண்டு பக்கமும் சில டிகிரிகள் போய்விடும். ரேடியேட்டர் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: ஒரே பெரிய டேங்கா, இரண்டு சின்னதா?

பதில்: வாசலில் நுழைகிற வரை ஒரே பெரியதுதான். மூட வேண்டிய வெளிப்பரப்பு குறைவு, இணைப்பும் குறைவு. உயரமாகவும் ஒல்லியாகவும் இருப்பதை எடுங்கள், ஏனென்றால் சூடான தண்ணீர் மேலேயும் ஆறியது கீழேயும் பிரிந்து நிற்க வேண்டும், அதுதான் டேங்கின் உயிர். 1,000 லிட்டர் டேங்குகள் பல, இன்சுலேஷனைக் கழற்றினால் சுமார் 79 சென்டிமீட்டர் அகலத்தில் 80 சென்டிமீட்டர் வாசலுக்குள் போகும்படிதான் வருகின்றன, ஆனால் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோய் நிமிர்த்தும்போது கூரை இடிக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். 1,500 லிட்டர் என்றால் தண்ணீரே ஒன்றரை டன், தரை தாங்குமா என்பதும் பார்க்க வேண்டிய விஷயம்.

கேள்வி: விலைப்பட்டியலில் விரிவுத் தொட்டி, திரும்பு நீர் வால்வு, வெப்பப் பாதுகாப்பு வால்வு என்று நீளமாக இருக்கிறது. எதைக் குறைக்கலாம்?

பதில்: இந்த மூன்றில் எதையும் குறைக்க முடியாது.

தண்ணீர் 10 டிகிரியிலிருந்து 90 வரை ஏறினால் சுமார் மூன்றரை சதவீதம் பெருகும். டேங்க், பாய்லர், பைப் எல்லாம் சேர்ந்து 1,700 லிட்டர் ஓடும் அமைப்பில் அது 60 லிட்டர். அந்தத் தண்ணீருக்கு இடம் கொடுப்பதுதான் விரிவுத் தொட்டி, அதன் முழுக் கொள்ளளவும் பயன்படாது என்பதால் மொத்தத் தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 170 லிட்டர் அளவில் வைப்பார்கள். பட்டியலில் 50 லிட்டர் என்று போட்டிருந்தால் அது தப்பு, திருத்தச் சொல்லுங்கள்.

திரும்பு நீர் வால்வு, பாய்லருக்குள் திரும்பி வரும் தண்ணீரை 55, 60 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. இல்லையென்றால் டேங்கின் அடியிலிருந்து வரும் பச்சைத் தண்ணீர் பட்டு பாய்லர் சுவர் குளிரும், புகையில் இருக்கும் ஈரம் அமிலத்தோடு அங்கே வியர்க்கும், இரும்பை அரிக்கும். இது இல்லாமல் பொருத்தினால் பல தயாரிப்பாளர்கள் வாரண்டியே தருவதில்லை. பம்ப்போடு சேர்ந்தே வருகிற வகை வாங்கினால் பிளம்பர் தவறு செய்ய வாய்ப்புக் குறைவு.

மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது. முழு வேகத்தில் எரியும்போது மின்சாரம் போனால் பம்ப் நின்றுவிடும், ஆனால் உள்ளே இருக்கிற விறகு நிற்காது. அப்போது 95 டிகிரியைத் தாண்டியதும் இந்த வால்வு தானே திறந்து பாய்லருக்குள் இருக்கும் சுருளில் குளிர்ந்த குழாய் நீரை ஓட விடும். இதில் பலர் கவனிக்காத ஒன்று, உங்கள் வீட்டுத் தண்ணீரே மோட்டாரில்தான் வருகிறது என்றால் மின்சாரம் போனதும் குழாயிலும் தண்ணீர் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் பம்ப்புக்குப் பேட்டரி வையுங்கள், அல்லது பம்ப் இல்லாமலே சுடுநீர் தானாக மேலேறி டேங்குக்குப் போகும்படி தடித்த பைப்பில் வழி செய்யச் சொல்லுங்கள். எது செய்தாலும் பொருத்தி முடித்ததும் மின்சாரத்தை நிறுத்திக் காட்டச் சொல்லி, பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

கேள்வி: குளிக்கிற தண்ணீரும் இதே டேங்கிலிருந்து எடுக்கலாமா?

பதில்: சூட்டை எடுக்கலாம், தண்ணீரை எடுக்கக்கூடாது. டேங்கில் இருப்பது பாய்லருக்கும் ரேடியேட்டருக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும் பழைய தண்ணீர். குளியலுக்குத் தனிச் சுருளோ, இரண்டு தண்ணீரும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் தகடு வெப்பமாற்றியோ வைத்து, குழாய்க்கு முன்னால் பச்சைத் தண்ணீரைச் சேர்த்துச் சூட்டைக் குறைக்கும் கலப்பு வால்வு ஒன்று கட்டாயம் போடுங்கள், 80 டிகிரி தண்ணீர் நேராகக் குழந்தையின் கையில் விழக்கூடாது.

கேள்வி: போன வருடம் 1,000 லிட்டர் டேங்கோடு பாய்லர் போட்டோம். சாயங்காலம் எரித்து 80 டிகிரி காட்டுகிறது, காலையில் மேலே இருந்து கீழே வரை எல்லாம் 45. இன்சுலேஷன் மோசம், மாற்றிக் கொடுங்கள் என்று கடையில் கேட்கலாமா?

பதில்: கேட்கும் முன் இதைப் பாருங்கள். ஒழுங்காக மூடிய 1,000 லிட்டர் டேங்க் நாள் முழுக்க சும்மா நின்றாலும் 3, 4 யூனிட்தான் இழக்கும், அதாவது மூன்று டிகிரி அளவுக்கு. உங்களுக்கு ஒரே ராத்திரியில் 35 டிகிரி, 40 யூனிட் போயிருக்கிறது. வீடு இரவில் மணிக்கு 4 யூனிட் வீதம் எடுத்திருந்தாலே அது சரியாகிவிடும், ஆகவே முதலில் ஒரு ராத்திரி வீட்டுக்குப் போகும் பம்ப்பை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அப்படியும் டேங்க் ஆறினால், அணைந்த பாய்லரின் பைப்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் டேங்கிலிருந்து தண்ணீர் பின்னோக்கி ஓடிப் புகைபோக்கி வழியாகச் சூட்டை வெளியே தள்ளுகிறது, ஒரு தடுப்பு வால்வு போதும், அது போடாமல் விட்டது பொருத்தியவர் பொறுப்பு.

மேலிருந்து கீழ் வரை ஒரே 45 என்று சொல்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பம்ப் வேகம் அதிகமாக இருந்தால் தண்ணீர் பிரிந்து நிற்காமல் கலங்கிவிடும், காலையில் மேலே 65 இருக்க வேண்டிய இடத்தில் எங்கும் வெதுவெதுப்பாகக் கிடக்கும். வீட்டுப் பம்ப்பை ஒரு படி குறைத்து, திரும்பும் பைப் டேங்கின் அடியில்தான் சேர்கிறதா என்று பாருங்கள், நடுவில் சேர்த்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மேல், நடு, அடி என மூன்று இடத்தில் வெப்பமானி இருந்தால் ஒரு வாரம் காலையும் மாலையும் குறித்துவையுங்கள், அந்தத் தாளோடு கடைக்குப் போனால் இன்சுலேஷன் சரியில்லையா, பைப் வேலை சரியில்லையா என்று அவர்களால் மழுப்ப முடியாது.