டாக்டர் கடிதம் கேட்காதீர்கள்

அன்புள்ள அக்கா,

டர்பனில் உம்லாங்கா பக்கம் ஒரு கால் சென்டரில் சூப்பர்வைசராக இருக்கிறேன். அலுவலகத்தைப் புதுப்பிக்கப் போகிறோம். என் குழுவில் ஒரு பையன் வேலையில் கெட்டிக்காரன். ஆனால் ஜன்னலோர மூலையை விட்டு நகர மாட்டான். இரைச்சல் கூடினால் எழுந்து மாடிப்படியில் போய் நிற்பான். ஆட்டிசமாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். ‘அவனாகச் சொல்லி டாக்டர் கடிதம் கொண்டுவந்தால் பார்க்கலாம்’ என்கிறது நிர்வாகம். ஓர் அமைதி அறை கட்டினால் போதுமா? சுவருக்கு என்ன நிறம் பூசலாம்?

ர., டர்பன்

அன்புள்ள தம்பி,

நிறத்தை விடுங்கள், கண்ணைக் குத்தாத எதுவானாலும் சரி. அமைதி அறை கட்டுங்கள், ஆனால் எல்லாரும் போய் உட்காரும் அறையாக இருக்கட்டும். அவனுக்கென்று ஒதுக்கினால் அவன் அதற்குள் காலெடுத்து வைக்க மாட்டான்.

என்னைச் சுட்டது அந்த டாக்டர் கடிதம்தான். கொஞ்ச நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வளர்ந்த ஆள் ஒருவர் அப்படியொரு கடிதம் வாங்க நம் ஊரில் தனியாரிடம் எவ்வளவு கொட்ட வேண்டும்? கால் சென்டர் சம்பளத்தில் அது நடக்குமா? வாங்கினாலும், அதை மேலதிகாரி மேசையில் வைக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

சட்டமும் உங்கள் நிர்வாகம் சொல்வதுபோல் இல்லை. நம் தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின்கீழ், மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வைப்பது பற்றி வந்த நன்னடத்தைக் கோவையைப் படித்துப் பாருங்கள். ஊழியர் வாய்விட்டுச் சொன்னால் மட்டுமல்ல, தேவை கண்ணெதிரே தெரிந்தாலும் வசதி செய்து தரும் கடமை முதலாளிக்கு வரலாம் என்கிறது. கண்ணுக்குத் தெரியாதபோதுதான் சான்று கேட்க இடம். அவன் மாடிப்படியில் போய் நிற்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

என் சின்ன மாமா டர்பனில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருந்தார். முன்கூடத்தில் மெஷின்கள் வரிசையாக ஓடும், இவர் பின்கட்டில் பட்டன் ஸ்டோரில். வெள்ளையிலேயே ஏழெட்டுச் சாயல் பிரிப்பார். அவர் கொடுத்த பட்டன் சட்டைக்கு மாறிப்போனதாக யாரும் சொன்னதில்லை. புதிதாக வந்த மேனேஜர், எல்லாரும் கண்பார்வையில் இருக்க வேண்டும் என்று அவரை முன்கூடத்துக்கு இழுத்துவந்து ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்காரவைத்தார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட ட்யூப்லைட் வினாடிக்கு 100 தடவை மினுக்கும், கூடவே ரீங்காரமும் போடும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பட்டன் எண்ணுவாராம். ‘திமிர்’ என்றார்கள். சீக்கிரமே வேலையை விட்டு நின்றுவிட்டார். அதற்கப்புறம் அவருக்கு நிலையான வேலை அமையவில்லை. அவருக்கு இருந்தது இன்னதென்று நான் பெயர் வைக்க மாட்டேன். பழைய இடத்திலேயே விட்டிருந்தால் போதும், அதற்கு எந்தப் பெயரும் தேவைப்பட்டிருக்காது.

அதனால்தான் உங்கள் மேலும் கோபம் வருகிறது. ஆட்டிசமா இல்லையா என்று பார்ப்பது உங்கள் வேலையா? ‘எந்த இடம் உனக்குத் தோதாக இருக்கிறது’ என்று அவனிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே!

காண்டிராக்டரிடம் பிரிட்டிஷ் தர நிறுவனம் 2022இல் வெளியிட்ட பாஸ் (PAS) 6463 வழிகாட்டியைக் கொடுங்கள். ஒவ்வொருவர் மூளையும் ஒவ்வொரு விதம், அதற்குத் தோதாகக் கட்டடம் அமைப்பது எப்படி என்று சொல்வது அது. ஒளி, ஓசை எல்லாம் அதில் இருக்கிறது. மினுக்காத எல்.இ.டி., பகுதிக்குப் பகுதி குறைத்துக்கொள்ளும் சுவிட்ச், இரைச்சலை உறிஞ்சும் கூரை. லோட் ஷெடிங் மின்வெட்டுக்கு வாங்கிய ஜெனரேட்டர் ஆட்கள் உட்காரும் சுவரை ஒட்டி இருந்தால் தள்ளி வையுங்கள். தினம் ஒரு மேசை என்ற ஏற்பாடு மட்டும் வேண்டவே வேண்டாம். இதில் எதற்கும் யாருடைய கடிதமும் தேவையில்லை, தலைவலிக்காரர்களும் சேர்ந்து பிழைப்பார்கள்.

பிளான் கையெழுத்தாகும் முன் அதை அவனிடம் தனியாகக் காட்டுங்கள். அந்த ஜன்னலோர மூலை அவனுக்குத்தான் என்று இந்த வாரமே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கட்டட வேலை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா